தோட்டக்காரன் இல்லாத எலிகள்

எலிகளுக்கான அஞ்சலிக் கூட்டத்துக்கு இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. இணைப் பேராசிரியர் இகராஷியின் அறை வாசலில் நின்று, சொல்ல வந்த வாக்கியத்தை மிசுஹோ குசகாபே ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சின்ன வாக்கியம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு வாரமாக அது தொண்டையில் மீன் முள்ளைப் போல நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கதவைத் தட்டினாள்.

"வாங்க குசகாபே-சான். நல்ல சேதியா, இல்ல தள்ளிப்போட்டு ஏப்ரல்ல சொல்ல வேண்டிய சேதியா?"

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அதற்குள் இகராஷி மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, புளித்த பிளம் பழத்தைச் சோற்றின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எலிகளைப் பத்தி ஒரு விஷயம், சென்செய்." ஆசிரியர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"எண்ணிக்கையைப் பத்தியா, எலியைப் பத்தியா?"

"எலியைப் பத்தி."

"அப்போ வேண்டாம்." குச்சிகளைக் கீழே வைத்தார். "பாருங்க, நீங்க சொன்னா நான் கேட்டவனாயிடுவேன். கேட்டவன் மேல சொல்லணும். மேல சொன்னா, இத்தனை நாளா உனக்குத் தெரியாதாம்பாங்க. தெரியும்னாலும் தப்பு, தெரியாதுன்னாலும் தப்பு. கேக்காமலே இருந்துட்டா ரெண்டு தப்பும் என்மேல வராது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் தனியார் பள்ளிக்கூடம்."

மிசுஹோ தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வருவதற்குள் எதிரே இருப்பவர் பேசி முடித்துவிடுவார்.

"எண்ணிக்கையைப் பத்தின்னா மத்தியானம் குழு கூடுது. அங்க சொல்லுங்க. அப்பம் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"பூரணம் வெச்சதுதானே? நெமோதோ-சானுக்கு வெறும் அப்பம் பிடிக்காது."

கோரியாமா நகருக்கு வெளியே, குன்றின் சரிவில் இருக்கிறது நரம்புக்கிளை ஆய்வு நிலையம். மூளையின் ஒவ்வொரு செல்லும் மரம் போலக் கிளை விடுகிறது. கிளைகளின் மேல் முட்கள் முளைக்கின்றன. ஒரு செல் அனுப்பும் சேதியை அடுத்த செல் பெரும்பாலும் அந்த முள்ளின் நுனியில்தான் வாங்கிக்கொள்கிறது. கிளை எங்கே பிரிய வேண்டும், முள் எத்தனை நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு புரதம் தீர்மானிக்கிறது என்று இயக்குநர் தொக்கிதா பதினெட்டு வருடங்களுக்கு முன் கண்டுபிடித்தார். அது செல்லுக்குள் இருக்கும் இழைகளை இழுத்துக் கட்டி முள்ளை நிமிர்த்தி வைக்கிறது. அதற்குத் தோட்டக்காரன் என்று பெயரிட்டார். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகளில் கிளைகள் குட்டையாயின. முட்களில் நாற்பது சதவீதம் குறைந்தது.

அந்த நாற்பதின் மேல்தான் நிலையம் எழுந்து நிற்கிறது. நுழைவுக் கூடத்தில் வெண்கலத்தில் ஒரு நரம்புச் செல் உண்டு. அதன் வலது பாதியில் முட்களை எண்ணி நாற்பது சதவீதம் குறைவாக வார்த்திருக்கிறார்கள். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் இடது பாதியில் சட்டையைக் கிழித்துக்கொண்டதால் அந்தப் பக்கம் மட்டும் கயிறு கட்டியிருக்கிறது.

நிலையத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வேலையாக அந்த நாற்பதை மறுபடி எண்ணிக் காட்ட வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இரண்டாம் மாடி நடையைப் புதுப்பித்தபோது இந்த வழக்கம் தொடங்கியது. எண்ணி முடித்தவரின் புகைப்படம் அந்த நடையில் மாட்டப்படும். பதினொரு பேர் அங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கீழேயும் அவர் எண்ணி எடுத்த எண். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது, இகராஷியின் கீழே முப்பத்தொன்பது. பன்னிரண்டாவது சட்டம் துடைத்துக் காலியாக வைக்கப்பட்டிருந்தது. குசகாபே என்று பெயர்கூட ஒட்டியாகிவிட்டது.

மிசுஹோவுக்கு வந்தது இரண்டு.

மறுபடி எண்ணச் சொன்னார்கள். ஒவ்வொரு மறுபடிக்கும் புதிதாக முப்பது எலிகள் வேண்டும். எலியின் மூளையை உயிரோடிருக்கும் எலியிலிருந்து எடுக்க முடியாது. ஏழு முறை எண்ணினாள். ஏழு முறையும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே வந்தது. அவளுடைய ஒப்பந்தம் மார்ச் மாதம் முடிகிறது. நாற்பது வந்தால் நீளும். வராவிட்டால், முப்பத்து நான்கு வயதில், இந்த இரண்டை எடுத்துக்கொண்டு போய் எந்த ஆய்வகத்தின் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்கள். முள் எண்ணுவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

ஏழாவது முறைக்குப் பிறகு அவள் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். எலிகளின் வால் நுனியைத் துளி வெட்டி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்துச் சோதித்தாள். எந்த மாணவனும் முதல் வருடத்தில் கற்றுக்கொள்கிற சோதனை. நிலையத்தில் அதை யாரும் செய்வதில்லை. தோட்டக்காரன் இல்லாத தாய்க்கும் தோட்டக்காரன் இல்லாத தந்தைக்கும் பிறந்த பிள்ளையிடம் தோட்டக்காரனைத் தேடுவது அந்தக் குடும்பத்தைச் சந்தேகப்படுவதாகும் என்று இயக்குநர் ஒருமுறை சொல்லியிருந்தார். அது விதியாகிவிட்டது.

சோதனையின் முடிவு படமாக வந்தது. பார்த்தாள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து, மறுபடி பார்த்தாள். அன்றிலிருந்துதான் அந்த வாக்கியம்.

*

எண்ணிக்கை ஒத்திசைவுக் குழுவுக்கு நிர்வாகத் தலைவர் நெமோதோ தலைமை வகித்தார். நிலையத்தில் உள்ள பதினான்கு குழுக்களுக்கும் அவரே தலைவர். அவர் அறிவியல் படிக்காதவர், அதனால் எந்த முடிவின் பக்கமும் சாய மாட்டார் என்பது காரணம்.

முதலில் மிசுஹோ எழுந்து, எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அப்பப் பெட்டியைத் திறந்து வைத்தாள். ஐந்து உறுப்பினருக்குப் பத்து அப்பம். மன்னிப்பு போதிய அளவில் இருப்பதாகப் பதிவு செய்யப்பட்டது. அடுத்து அவள் கண்ணைச் சோதித்தார்கள். சுவரில் தொங்கிய அட்டையின் கடைசி வரியைத் திணறாமல் படித்துவிட்டாள். உறுப்பினர்கள் ஏமாற்றத்துடன் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியின் உயரத்தை அளந்தார்கள். அதுவும் சரியாக இருந்தது.

"அப்போ டேப்புதான்," என்றார் நெமோதோ. "கறுப்பு டேப் உங்களுக்கு யாரு குடுத்தது?"

மூளைத் துண்டு ஒட்டிய கண்ணாடிச் சில்லின் ஓரத்தில், அது எந்த எலி என்று எழுதியிருக்கும். எண்ணுகிறவர் அதைப் பார்க்கக் கூடாது; மூடி ஒட்டிவிட்டுத்தான் எண்ண வேண்டும். உலகம் முழுக்க உள்ள விதி. நிலையத்திலும் அதே விதிதான். ஆனால் எதை வைத்து மூட வேண்டும் என்று விதியில் இல்லை. அலமாரியில் இருந்தது கண்ணாடி டேப். எல்லோரும் அதையே ஒட்டினார்கள். விதியும் காப்பாற்றப்பட்டது, பெயரும் தெளிவாகத் தெரிந்தது.

"நானே கடையில வாங்கினேன்," என்றாள் மிசுஹோ.

"எதுக்கு?"

"எந்த எலின்னு தெரியாம இருக்கறதுக்கு."

நெமோதோ பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. உண்மையான கவலை இருந்தது.

"தெரியாம எப்படிங்க எண்ணுவீங்க? எதுல கொறையணும்னே தெரியாம எண்ணினா, அது எப்படிக் கொறையும்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலைவர் அறிவியல் படிக்காதவர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை.

ஓர் உறுப்பினர் உதவிக்கு வந்தார். "கழுத்தில்லாத முள்ளு சிலது இருக்கும் பாருங்க, கட்டை மாதிரி. அதை முள்ளுன்னே சொல்ல வேண்டாமே."

"எந்தப் பக்கத்துல?"

"கொறைய வேண்டிய பக்கத்துல."

கணக்குப் போட்டார்கள். பத்தொன்பது வந்தது. மெலிந்த முட்களையும் விட்டுவிட்டால் முப்பத்தொன்று. சாய்ந்து நிற்பவற்றையும் விட்டால் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு என்றதும் அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஒருவர் இரண்டாவது அப்பத்தை எடுத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விட்டா," என்றாள் மிசுஹோ, குரல் அவளுக்கே கேட்கவில்லை, "மறுபடியும் ரெண்டுதான் வரும்."

எடுத்தவர் அப்பத்தைத் திரும்ப வைத்தார்.

"எலிகளைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்று அவள் தொடங்கினாள்.

"எலி இன்னிக்கு நிரல்ல இல்ல," என்றார் நெமோதோ. "எலிக்கு வியாழக்கிழமை இருக்கு. உங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதான். இந்த வருஷம் எலிகளுக்கு நன்றியுரை வாசிக்கறது நீங்க. அந்த வருஷத்துல யாரு அதிகமா எலி செலவழிச்சாங்களோ அவங்கதான் வாசிக்கணும்கறது முறை. இருநூத்திப் பத்து. உங்க பக்கத்துலகூட யாரும் வரல. வாழ்த்துக்கள்."

எல்லோரும் மெதுவாகக் கைதட்டினார்கள். எட்டாவது முறை எண்ண வேண்டும், அஞ்சலி முடிந்த மறுநாள் காலையில் தொடங்க வேண்டும், கண்ணாடி டேப் நிலையத்தின் செலவில் வழங்கப்படும் என்று முடிவாயிற்று.

*

செவ்வாய்க்கிழமை நிலநடுக்கப் பயிற்சி. வருடத்துக்கு ஒருமுறை எலி அறையில் நடக்கும். எல்லோரும் தூசியை ஊதித் தள்ளும் காற்றுக் குளியலில் நின்று, தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

எலி அறையில் இரண்டு அடுக்குகள். இடது அடுக்கில் சாதாரண எலிகள். வலது அடுக்கில் தோட்டக்காரன் இல்லாதவை. இரண்டும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முன்பெல்லாம் வலது அடுக்கு எலிகளுக்குக் குட்டி வளர்க்கத் தெரியாது. போட்ட குட்டிகளை மறந்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலநடுக்கத்துக்குப் பிறகு சில தலைமுறைகளிலேயே அவை நன்றாக வளர்க்கத் தொடங்கிவிட்டன. துன்பம் எலிகளையும் பக்குவப்படுத்துகிறது என்று இயக்குநர் ஆண்டுமலரில் ஒரு கட்டுரை எழுதினார்.

பயிற்சிக்காக உண்மையான கூண்டுகளை அடுத்த அறைக்கு மாற்றி, அடுக்குகளில் காலிக் கூண்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து துணி எலிகளைப் போட்டிருந்தார்கள். மணி அடித்தது. இரண்டு பேர் அடுக்குகளைச் சாய்த்தார்கள். துணி எலிகள் தரையெங்கும் சிதறின.

"எடுங்க," என்றார் நெமோதோ, கையில் நிறுத்துக் கடிகாரத்துடன். ஆறு வருடங்களுக்கு முன் நிலநடுக்கம் வந்த அன்று பணியில் இருந்தவர் அவர். நாற்பதே நிமிடத்தில் மூன்று பேரை வைத்துக்கொண்டு அத்தனை எலிகளையும் பிடித்துக் கூண்டில் அடைத்து, இழப்பு எதுவும் இல்லை என்று இயக்குநருக்குச் சொன்னவர். அதற்காக நிலையத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அது அவர் அறையில் அவர் தலைக்கு நேர் மேலே தொங்குகிறது.

எல்லோரும் மண்டியிட்டு எலிகளை அள்ளினார்கள். கைக்கு வந்ததை அருகில் இருந்த கூண்டில் போட்டார்கள். ஐந்து ஆனதும் மூடி, அடுத்தது. மிசுஹோ இரண்டு துணி எலிகளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"குசகாபே-சான், கைய ஓட்டுங்க."

"இது எந்த அடுக்குக்கு, நெமோதோ-சான்?"

"எது காலியா இருக்கோ அதுக்கு."

"இடதா வலதான்னு..."

"கூண்டுக்கு அஞ்சு. அவ்வளவுதான்."

"அன்னிக்கும் அப்படித்தானா?"

நெமோதோ கடிகாரத்தை நிறுத்தாமலே அவளைப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"தரையில எலி ஓடுது. மணி அடிக்குது. விளக்கு இல்ல. இயக்குநர் போன்ல இருக்கார். அவர் கேக்கறது ஒரே கேள்வி, சரியா இருக்கான்னு. நாங்க எண்ணினோம். சரியா இருந்துச்சு."

கடைசிக் கூண்டில் ஓர் எலி குறைந்தது. மேசைகளுக்குக் கீழே தேடினார்கள். கிடைக்கவில்லை. கடிகாரம் ஓடியது. கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தன் சாவிக்கொத்தில் தொங்கிய பொம்மையைக் கழற்றிக் கூண்டுக்குள் போட்டார். அது பூனை. ஆனால் கறுப்பு. எண்ணிக்கை சரியாயிற்று. போன வருடத்தைவிட மூன்று நிமிடம் குறைவு என்று நெமோதோ அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. பூனை உள்ளே நான்கு எலிகளோடு உட்கார்ந்திருந்தது.

படிக்கட்டில் இகராஷி அவளோடு சேர்ந்து இறங்கினார்.

"என்னை அப்படிப் பாக்காதீங்க."

"நான் பாக்கலை, சென்செய்."

"எனக்கும் மொதல் தடவை மூணுதான் வந்துச்சு." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அலமாரியில டேப்பு தீர்ந்து போயிருந்துச்சு. காகிதத்தை மடிச்சு ஒட்டி எண்ணினேன். அப்புறம் டேப்பு வந்துச்சு, மாத்தி ஒட்டினேன்."

"மாத்தினதும்?"

"முப்பத்தொம்பது. நான் பொய்யா எழுதல குசகாபே-சான். ஒவ்வொண்ணா எண்ணினேன். கண்ணு அப்படித்தான் பாத்துச்சு." பிறகு வழக்கமான குரலுக்குத் திரும்பினார். "டேப்பை மாத்துங்க. சட்டத்துல ஏறுங்க. நடையில உங்க எடம் என் பக்கத்துலதான். வெயில் படாது, நல்ல எடம்."

*

புதன்கிழமை காலை, நன்றியுரையின் வரைவு திரும்பி வந்தது. நெமோதோவே எழுதிக் கொடுத்தது அது. மிசுஹோ வாசித்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்த வேண்டும், அதன்பின் ஐந்து பேர் குத்துவார்கள். ஐந்து முத்திரைகளும் வரிசையாக இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளவரின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்கியது. அவளுடையது மட்டும் நேராக நின்றது. நிற்கிறது என்று சொல்லித்தான் திருப்பியிருந்தார்கள்.

அவள் சாய்த்துக் குத்தினாள். பிறகு நான்காவது வரியில் விரலை வைத்தாள். தோட்டக்காரன் இல்லாமலே பிறந்து, தோட்டக்காரனை எங்களுக்கு உணர்த்திய நீங்கள்.

"இந்த வரியை மட்டும் எடுத்துடலாமா, நெமோதோ-சான்?"

"அது இயக்குநர் எழுதின வரி. எடுக்கணும்னா அவர்கிட்டதான் கேக்கணும்." அவர் இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "மெதுவா பேசாதீங்க. அவருக்கு இடது காது கேக்காது."

இயக்குநர் தொக்கிதா ஜன்னலோரம் நின்றிருந்தார். கோபக்காரர் இல்லை. நிலையத்தில் அவரைப் பற்றி யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதற்கென்றும் ஒரு குழு இருந்தது.

"ரெண்டுன்னு வந்துச்சாமே," என்றார். "கேள்விப்பட்டதும் எனக்கு உன்னை நெனச்சு மனசு கஷ்டமாயிடுச்சு. ரெண்டோட தனியா இருக்கறது எவ்வளவு கஷ்டம். நாற்பதுன்னா கூட பதினோரு பேர் இருக்காங்க."

"சென்செய், நன்றியுரையில ஒரு வரி."

"நாற்பது ஒரு எண் இல்ல, குசகாபே. அது ஒரு பழக்கம். காலையில எழுந்து முகம் கழுவறோமே, அப்படி. நாங்க எல்லாம் அந்தக் காலத்துல வர்ற வரைக்கும் எண்ணுவோம். இந்தக் காலத்துப் பசங்க வந்ததை எண்ணிட்டு எழுந்து போயிடறீங்க."

அவள் அவருடைய வலது பக்கம் நகர்ந்து நின்றாள். இந்த வாக்கியம் உண்மையில் அவருக்கு நல்லது என்று சொல்ல நினைத்தாள். இதைக் கேட்டால் அவருடைய பதினெட்டு வருடத்து நாற்பது பிழைக்கக்கூடும். அவளுடைய இரண்டு அவருக்கு எதிரானதே இல்லை. கெடப்போவது ஆறு வருடம் மட்டும்தான்.

"சென்செய், நான் வால் நுனியை வெட்டிப் பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. ஆனால் கேட்டது. காதுக்குப் பின்னால் தோல் ஒருமுறை அசைந்தது. கீழே நிறுத்துமிடத்தில் நிலையத்தின் பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு போயிற்று.

"முப்பது எலி உனக்குப் பத்தலை போல," என்றார் கடைசியில், மிக மென்மையாக. "அறுபது எடுத்துக்கோ. நான் நெமோதோகிட்ட சொல்லிடறேன்."

அவள் எலி அறைக்குப் போனபோது அறுபதும் தயாராக இருந்தன. பன்னிரண்டு கூண்டுகள், தள்ளுவண்டியில், அவள் பெயர் எழுதி. ஒரு மூடியைத் திறந்து கையை உள்ளே வைத்தாள். ஓர் எலி வந்து மோந்து பார்த்துவிட்டு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. அதன் இதயம் அவள் தோலில் ஓயாமல் தட்டியது. இதன் மூளையில் எத்தனை முட்கள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எண்ணாமலே தெரியும். அவளிடம் வாக்கியம் இருந்தது. அதைக் கேட்க இந்தக் கட்டடத்தில் ஒரு காதுகூட இல்லை. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இது சாகும். அடுத்த மாதம் இன்னும் அறுபது. கண்ணாடி டேப்பை ஒட்டிவிட்டால் அத்தனையும் நின்றுவிடும். நாற்பது வந்துவிடும். அவள் கண்ணும் அப்படித்தான் பார்க்கும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நினைவுக்கல் இருக்கிறது. வியாழக்கிழமை காலை, கறுப்பு உடையில் இருநூறு பேர் அதன் முன்னால் நின்றார்கள். குன்றிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிக்கொண்டிருந்தது. கல்லின் அடியில் ஒரு தட்டில் எலித் தீனி உருண்டைகள் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைச் செவ்வந்தி.

இயக்குநர் பேசினார்.

"எலிகள் நம் சக பணியாளர்கள். அவர்கள் விடுப்புக் கேட்டதில்லை. கூட்டத்தில் குறுக்கே பேசியதில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி என் கதவைத் தட்டியதில்லை. ஓர் ஆய்வாளர் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் அவர்களிடமிருந்தே கற்றேன். நம் இளைஞர்களும் கற்க வேண்டும். நம்மிடம் பதினொரு ஜோடிக் கண்கள் இருக்கின்றன, ஆறு ஆண்டுகளாக ஒரே எண்ணைப் பார்த்த கண்கள். உண்மைக்கு ஒரு பணிவு உண்டு. நாம் எங்கே உட்காரச் சொல்கிறோமோ அங்கே அது உட்காரும்."

சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நெமோதோ ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டு மிசுஹோவுக்குத் தலையசைத்தார்.

நன்றியுரை கல்லைப் பார்த்து வாசிக்கப்பட வேண்டும், கூட்டத்தைப் பார்த்து அல்ல. கேட்க வேண்டியவர்கள் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். மிசுஹோ முன்னால் போய், இருநூறு பேருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். முகங்கள் மறைந்துபோயின. எதிரே கல்லும் தீனியும் மட்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, பேசப்போகிற இடத்தில் வார்த்தை அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"மரியாதைக்குரிய எலிகளே," என்று வாசித்தாள். "இந்த ஆண்டு எங்களுக்காக உயிர் தந்தவர்களே. உங்கள் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. உங்கள் எண்கள் எங்கள் நெஞ்சில் இருக்கின்றன."

ஒலிபெருக்கி குரலைப் பெரிதாக்கிக் குன்றின் மேல் கொண்டுபோனது.

"தோட்டக்காரன் இல்லாமலே," என்று தொடங்கி நிறுத்தினாள்.

பின்னால் யாரோ செருமினார்கள். நெமோதோவாக இருக்கும். செவ்வந்திகளின் தாள் உறைகள் காற்றில் சரசரத்தன. "படிங்க," என்று இகராஷி கிசுகிசுப்பது கேட்டது. "குசகாபே-சான், படிங்க, ஒரே வரிதான்."

உயிரோடிருக்கும் ஒவ்வொருவரிடமும் அந்த வரியைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள். ஆனால் செத்துப்போன இவர்களிடம் எப்படிச் சொல்வது. இவர்களுக்குத்தான் தெரியுமே.

தாளை நான்காக மடித்தாள். ஒலிபெருக்கி சற்று உயரமாக இருந்தது. அதைத் தன் வாய்க்கு இறக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் கல்லைப் பார்த்து. "இதுல எழுதியிருக்கறதை உங்ககிட்ட என்னால சொல்ல முடியல. உங்க வால் நுனியை வெட்டினது நான்தான். ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்தேன். இடது அடுக்கு, வலது அடுக்கு, எல்லார்கிட்டயும் தோட்டக்காரன் இருக்கான். நிலநடுக்கத்தன்னிக்குத் தரையிலேருந்து அள்ளிப் போட்டப்பவே உங்களைக் கலந்துட்டாங்க. தோட்டக்காரன் இல்லாதவங்களுக்குக் குட்டி வளக்கத் தெரியல, அவங்க வம்சம் அதோட நின்னுபோச்சு. இந்த ஆறு வருஷமா எங்க கையால செத்த நீங்க அத்தனை பேரும் சாதாரண எலிங்க."